செத்தவர் பேரில் வரும் தபால்

சிவனை முதலில் நான் ராணுவத்தின் ஆள் என்றுதான் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை. 2007 ஜனவரி அது. ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. நசினுவில் மினிபஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் யாரும் வாயைத் திறந்தார்கள். எல்லாருடைய ஈமெயிலையும் முகாமில் உட்கார்ந்து படிக்கிறார்களாம் என்று ஒரு பேச்சு வேறு. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் என் கடைக்கு வந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள், வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கடை என்று பெரிதாகச் சொல்கிறேன். ரொட்டி பார்சல் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி. என் கணவர் வெங்கட்ராமன் குடிநீர்க் குழாய் எஞ்சினியர். ஒப்பந்த வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தோம். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது எனக்கு ஆகாது. அதனால் இந்த இன்டர்நெட் கடையைப் போட்டேன்.

சிவன் தினமும் நாலரை மணிக்கு வருவார். ஐம்பது வயது இருக்கும். காக்கிக் கால்சட்டை, காதில் ஒரு பென்சில், சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில்தான் உட்காருவார். மற்ற ஐந்தும் காலியாக இருந்தாலும் மூன்றில் ஆள் இருந்தால், அந்த ஆளின் பின்னாலேயே போய் நிற்பார். உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றித் திரைக்கு ஓரத்தில் மறைப்பாக வைப்பார். போகும்போது நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு என்னிடம் வந்து கேட்பார்.

"எனக்கு முந்தி இங்க குந்தியிருந்தது யாரு?"

"ஏன் சார்?"

"சும்மாதான்."

சும்மா யாராவது இப்படிக் கேட்பார்களா? தெரியாது என்று நான் சொன்னால் அதையும் நோட்டில் எழுதுவார். இரண்டு வாரத்தில் வழக்கமாக வருகிற நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் சொன்னேன். "எதுக்கு வம்பு, கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் பேசாம இரு" என்றார் என் கணவர். குழாய்க்கு வழி தெரிந்த மனிதர், வம்புக்கு வழி தெரியாது. நான் அன்றிலிருந்து மூன்றாம் நம்பரை ஒவ்வொரு மாலையும் நன்றாகத் துடைத்துவைத்தேன், எதற்கு என்று எனக்கே தெரியாமல்.

பிப்ரவரியில் ஒரு நாள் நௌசோரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நடுவழியில் பஸ் நின்றது. முன்வாசலில் ஏறியவர் சிவன். பேச்சு அடங்கியது. கடைசி சீட்டில் ஒரு தடியன் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்க ஆரம்பித்தான். சிவன் யாரையும் கேட்காமல் நேராக அவனிடம் போய், "டிக்கெட்" என்றார். அவனிடம் இல்லை.

ராணுவமும் இல்லை, உளவும் இல்லை. மனிதர் பஸ் கம்பெனியின் செக்கர். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. ஏறின உடனே யாரிடம் டிக்கெட் இல்லை என்று கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். என் டிக்கெட்டையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்து, பிறகுதான் கொடுத்தார். தெரிந்தவள் என்று ஒரு சிரிப்பு கிடையாது. எனக்குக் கோபமும் நிம்மதியும் சேர்ந்து வந்தது.

அடுத்த வாரம் மின்சாரம் போய்ப்போய் வந்ததில் மூன்றாம் நம்பர் செத்துவிட்டது. லாமியில் பழுது பார்ப்பவரிடம் அனுப்பிவைத்தேன். நாலரைக்குச் சிவன் மாடிப்படி ஏறி வந்தார். மேசையில் காலி இடத்தைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை.

"என் தபால் எங்க?"

"என்ன சார்?"

"என் தபால் பூரா அதுக்குள்ளதான் இருக்கு. யாரு எடுத்துட்டுப் போனது? பட்டாளத்தானா?"

விஷயம் எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிரிஸ்பேனில் இருக்கும் அவர் அக்கா ப்ரேமிலா வந்திருந்தபோது அந்த மூன்றாம் நம்பரில்தான் அவருக்கு ஈமெயில் முகவரி திறந்துகொடுத்திருக்கிறாள். ஆகவே அவருடைய தபால்பெட்டி அந்தக் கம்ப்யூட்டர். தன் பெட்டிமேல் வேறு யார் யாரோ வந்து உட்கார்ந்தால் எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்? யார் உட்கார்ந்தார்கள் என்று அவர் விசாரித்ததும், மணி போட்டு எழுதிக்கொண்டதும் அதனால்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்காத தங்கச்சி. பிரிஸ்பேன்லேருந்து கவர்மெண்டு கடுதாசி வரணும். அது தப்பிப் போச்சுன்னா என் வூட்டுக்காரி பொழைக்க மாட்டா."

அப்போதுதான் என்னைத் தங்கச்சி என்றார். நானும் சாரை விட்டு அண்ணே என்று ஆரம்பித்தேன். முதல் நம்பரில் உட்காரவைத்து, அவர் பெட்டியைத் திறந்து காட்டினேன். எல்லாத் தபாலும் அங்கேயும் இருப்பதைப் பார்த்து அவருக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பயம்.

"அப்போ எந்த டப்பாலயும் தொறக்கலாமா? எவனும் தொறக்கலாமா?"

பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் திறக்க முடியாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "அச்சா, நீ சொல்றே" என்றார். நம்புகிறேன் என்று சொல்லவில்லை.

அவர் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். நௌசோரிக்கு அப்பால் ஆற்றோரம் அப்பா பாலசுப்பிரமணிக்குத் தோட்டமும் மாடுகளும் இருந்தன. 2000-ஆம் வருஷம், இதற்கு முந்திய ஆட்சிக் கவிழ்ப்பின்போது, ஒரு சாயங்காலம் இந்தியர் வீடுகளைத் தேடி ஆட்கள் கத்தியோடு வந்தார்கள். மாட்டை அவிழ்த்தார்கள், வீட்டை அடித்து நொறுக்கினார்கள். சிவனின் மனைவி உர்மிளா வெறுங்காலோடு ஆற்று மணலில் ஓடியிருக்கிறாள். கிளிஞ்சல் கிழித்துக் காலெல்லாம் ரத்தம். எல்லாரும் நசினுவுக்கு வந்து வாடகை வீட்டில் ஒண்டினார்கள். மூன்றாம் மாதம் முன்னறையில் உட்கார்ந்தபடியே அப்பா செத்துப்போனார். ஆற்று மணலில் ஓடிய நாளிலிருந்து உர்மிளா காலில் செருப்பு மாட்டிக்கொண்டுதான் படுக்கிறாள். ஏழு வருஷமாக அப்படித்தான். போன டிசம்பரில் ரேடியோவில் செய்தி சொன்ன நாளிலிருந்து படுப்பதும் இல்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கூடப்பிறந்தவர்கள் நாலு பேரும் ஒவ்வொருவராகப் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்கள். எல்லாரும் போய் ஒருவர் மட்டும் மிஞ்சினால் அவரையும் கூப்பிட்டுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்று ப்ரேமிலா கண்டுபிடித்து மனுப் போட்டிருந்தாள். "நான் மிச்சம் வுழுந்த ஆளு" என்றார் சிவன். அதைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்துக்குத்தான் தினமும் நாலரை மணிக்கு வந்தார்.

ஏப்ரலில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். 

"தங்கச்சி, இதப் படி. எங்கப்பா செத்ததுக்கு எழுதியிருக்காங்க."

லண்டனிலிருந்து ஒரு வக்கீல். தங்கள் உறவினர் திரு. பாலசுப்பிரமணி அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார். அன்னார் வங்கியில் விட்டுப்போன கோடிகளுக்கு வாரிசு தேடுவதாகவும், முழு விவரங்களை உடனே அனுப்பும்படியும் கேட்டிருந்தார்.

"அண்ணே, இது ஃபிராடு. உங்க பேருக்குப் பின்னால பாலசுப்பிரமணின்னு இருக்கறதைப் பாத்து அடிச்சுவிடறான். ஆயிரம் பேருக்கு ஆயிரம் பேரைப் போட்டு அனுப்புவான்."

"காசு ஜூட்டு, பொய்யின்னு எனக்குத் தெரியும். எங்கப்பனுக்குப் பாங்கு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. ஆனா..." திரையில் அப்பா பேரை விரலால் தொட்டார். "அப்பா செத்து ஏழு வருசம். கவர்மெண்டுலேருந்து ஒரு கடுதாசி வரல. போலீஸ்லேருந்து வரல. இவன் ஒருத்தன்தான் எழுதியிருக்கான்."

நன்றி தெரிவித்துப் பதில் வேறு போட்டிருந்தார்! பஸ்ஸில் கழுத்தைப் பார்த்துக் கள்ளனைப் பிடிக்கிற மனிதர். எனக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும். அந்த வக்கீலை நேரில் பார்த்தால் செருப்பால் அடித்திருப்பேன். பதில் போட்ட புண்ணியத்தில் அடுத்த வாரம் முதல் பாலசுப்பிரமணியின் சாவுக்கு உலகம் முழுவதும் துக்கம் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். வங்கி மேலாளர்கள், பாதிரியார்கள், ஒரு தளபதியின் விதவை.

அதைப் பார்த்துத்தான் ஒரு விதி செய்தேன். பழுது பார்த்துத் திரும்பி வந்திருந்த மூன்றாம் நம்பருக்கு மேலே, ஒரு தாளில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: செத்தவர் பேரில் வரும் தபாலைத் திறக்காதே, அழி. தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை எழுத்துக்கூட்டி அவர் இரண்டு தடவை வாசித்தார். "வினாகா" என்றார். ஃபிஜிக்காரர்கள் நன்றி சொல்கிற வார்த்தை அது. அவர் எனக்கு அதைச் சொன்னது முதல் தடவை.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! பஸ்ஸில் ஏறுகிற அதே முகத்தோடு பெட்டியைத் திறப்பார். பாலசுப்பிரமணி என்ற பேர் எங்கே கண்டாலும் ஒரே தட்டு. "இன்னிக்குப் பதினோரு சோர் புடிச்சேன்" என்று, திருடனுக்கு ஹிந்திச் சொல்லைப் போட்டு, என்னிடம் கணக்குச் சொல்லிவிட்டுப் போவார். என் மாணவன் தேறிவிட்டான் என்று எனக்கும் ஒரே பெருமை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இணைப்பு போயிற்று. எனக்கு மட்டுமா, நசினு முழுக்க, தலைநகர் சுவாவிலும். எக்ஸ்சேஞ்சில் கோளாறு என்றது கம்பெனி. ராணுவம் வயரைப் பிடுங்கிவிட்டது என்றார் கீழே ரொட்டிக் கடைக்காரர். நான் இரண்டையும் நம்பவில்லை, இரண்டையும் நம்பினேன். புதன்கிழமை காலையில் காலியான கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் மாடியேறி வந்தாள். ஒல்லியான உடம்பு, கண்ணைச் சுற்றிக் கருப்பு. காலில் வார் வைத்துக் கட்டின செருப்பு. அதைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

"நான் தமிழ் தோடா தோடா" என்றாள் உர்மிளா. கொஞ்சம் கொஞ்சம்தான் வருமாம். "ப்ரேமிலா அக்கா போன். கவர்மெண்டு லெட்டர் போட்டாச்சு சொல்றா. இவரு வரல சொல்றாரு. யாரு ஜூட்டு?"

அவள் பார்வை என் மேல்தான் இருந்தது. கடிதம் என் கடையில் எங்கோ திருட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தே வந்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். இணைப்பு வந்ததும் நானே தேடித் தருகிறேன் என்றேன்.  

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இணைப்பு வந்தது. சிவனும் உர்மிளாவும் பின்னால் நிற்க, மூன்றாம் நம்பரில் நான் உட்கார்ந்தேன். பெட்டியில் ஒன்றும் இல்லை. அழித்தவற்றைப் போட்டுவைக்கிற குப்பைக்கூடையைத் திறந்தேன். இருநூற்றுச் சொச்சம் தபால். கீழே இறங்கிக்கொண்டே போனேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி வந்த ஒன்றில் முகவரி வேறு மாதிரி இருந்தது. திறந்தேன். முதல் வரி: அன்புள்ள திரு. பாலசுப்பிரமணி.

"இவனா?" என்றார் சிவன், தோளுக்கு மேலாக. "இவன எனக்குத் தெரியும். ரெண்டு வாட்டி வந்தான். ரெண்டு வாட்டியும் அழிச்சேன்."

நான் வாசித்துக்கொண்டே போனேன். போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை. இருபத்தெட்டு நாளுக்குள் அனுப்பாவிட்டால் கோப்பு மூடப்படும். விரலை மடக்கி எண்ணினேன். இருபத்தெட்டாவது நாள் நேற்று.

"அண்ணே, மனுவுல உங்க பேர எப்படி எழுதுனீங்க?"

"ரெண்டு கட்டம் இருந்துச்சு. ஒண்ணுல சிவன். இன்னொண்ணு குடும்பப் பேராம். நமக்கு ஏது குடும்பப் பேரு? காலியா வுடக் கூடாதுன்னாங்க. அப்பா பேரப் போட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. உர்மிளாவுக்கு மட்டும் புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? என் பாஸ்போர்ட்டில் அதே இரண்டு கட்டம். கல்யாணி, நடராஜன். நசினுவில் என் கடைக்கு மின்சாரக் கட்டணம் திரு. நடராஜன் பேருக்கு வருகிறது. அப்பாவோ திருச்சியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லி நானும் என் கணவரும் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்! வெள்ளைக்காரன் செய்த கட்டத்தில் நம் அப்பாக்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான். என் கையால் எழுதிய தாள் தலைக்கு மேல் ஒட்டியிருந்தது. கிழித்துவிட எழுந்தேன்.

"வுடு" என்றார் சிவன். "நீ சரியாத்தான் எழுதுன. அழிச்சது நான்."

உர்மிளாவுக்கு அவர் ஹிந்தியில் மெல்லச் சொன்னார். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பு வாரை இழுத்து இழுத்து இறுக்கினாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. திரும்பிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.

நோய், வெள்ளம், இணைப்புக் கோளாறு என்று நாலைந்து காரணம் நான் யோசித்துவைத்திருந்தேன். சிவன் ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் இல்லாதவன் சொல்கிற காரணங்களைப் பத்தொன்பது வருஷம் கேட்டவர் அல்லவா?

"நடந்தத எழுது. பாலசுப்பிரமணி எங்கப்பா. அவரு செத்துட்டாரு. நீங்க அவருக்கு எழுதுறீங்கன்னு நெனச்சேன். எம் பேரு சிவன். அம்புட்டுதான்."

அவர் சொன்னபடியே எழுதி, இணைப்பு மறுபடி போவதற்குள் அனுப்பினேன். அன்று முதல் காலையும் மாலையும் மூன்று பேரும் வந்து பார்த்தோம். மூன்றாவது ஆள் நான்தான். கடையிலேயே இருந்துகொண்டு வந்து வந்து பார்த்தேன். ஆறாம் நாள், குப்பை என்று கம்ப்யூட்டரே ஒதுக்கிவைக்கிற மூலையில் அவர்கள் பதில் கிடந்தது. அன்புள்ள சிவன் என்று ஆரம்பித்தது. இந்த ஒரு முறை மட்டும் மேலும் இருபத்தெட்டு நாள் தருகிறோம் என்றது.

நான் கத்தியே விட்டேன். சிவன் அசையவில்லை.

"இது சோர்."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"இதுவரைக்கும் அப்பா பேரு சொன்னவன், இப்ப எம் பேரச் சொல்றானே. எப்படித் தெரியும்?"

"நாமதானே எழுதினோம்!"

"எழுதினது யாரு யாரு கைக்குப் போச்சோ. இந்த நாட்டுல எதச் சொல்ல முடியும்?"

ப்ரேமிலாவுக்குப் போன் போட்டு, அவள் அந்த அலுவலகத்தில் விசாரித்து, மறுபடி அவள் கூப்பிட்டு உண்மைதான் என்று சொன்ன பிறகுதான் அவர் போலீஸ் சான்றிதழுக்குப் போய் வரிசையில் நின்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? அவரை உளவாளி என்று நினைத்தவள்தானே.

டிசம்பரில் நாடி விமான நிலையத்திலிருந்து விமானம். முதல் நாள் சொல்லிக்கொள்ள வந்தார். மூன்றாம் நம்பரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "இதுல இருக்கற என் தபால் பூரா அழிச்சுடு" என்றார். இன்னமும் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறாரா, என்னைச் சீண்டுகிறாரா என்று தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. நான் எழுதினேன், பதில் இல்லை. பழைய முகவரியை மூடிவிட்டார் என்று தெரிந்தது. கோபமாக இருந்தது, போன இடத்தில் எல்லாரும் இப்படித்தான் மறந்துவிடுகிறார்கள் என்று கணவரிடம் புலம்பினேன். ஏப்ரலில் ஒரு காலை, என் பெட்டியில் முன்பின் தெரியாத முகவரியிலிருந்து ஒரு தபால். அனுப்பியவர்: திரு. பாலசுப்பிரமணி. தலைப்பு: முக்கியம்.

மூன்றாம் நம்பருக்கு மேல் அந்தத் தாள் இன்னும் இருந்தது. பழக்கதோஷத்தில் என் விரல் அழிக்கிற பொத்தானுக்கே போய்விட்டது. அங்கேயே நிறுத்திவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பேரைப் பார்த்தேன். பிறகு திறந்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"தங்கச்சி, அழிச்சிருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன். இது நான்தான். பஸ் டிப்போவுல வேல. இங்க எல்லாரும் என்ன பாலசுப்பிரமணின்னுதான் கூப்புடுறாங்க. மொதல்ல கூப்புடறப்பல்லாம் திரும்பிப் பாத்தேன், அப்பா நிக்கறாரான்னு. மாத்தச் சொல்லலாம்னு உர்மிளா சொன்னா. நான்தான் வேணாமுன்னேன். நாட்ட வுட்டு எங்கயும் வர மாட்டேன்னு அங்கயே செத்த மனுசன், இப்ப தெனம் காலையில ஆறு மணிக்கு இங்க வேலைக்கு வராரு. கூப்புட்டா நான் எஸ்ஸுங்கறேன். இன்னொண்ணு. பட்டாளத்தான் இதப் படிச்சாலும் படிக்கட்டும், எழுதுறேன். போன வாரம் ராவுல தண்ணி குடிக்க எழுந்தேன். கால்ல ஏதோ தடுக்கிச்சு. பாத்தா, கட்டிலுக்குக் கீழ உர்மிளா செருப்பு."